அந்த ஒன்பது வினாடிக்கு யார் பொறுப்பு

அன்புள்ள நண்பனுக்கு,

இன்று ஆகஸ்டு இருபத்து நான்கு, திங்கட்கிழமை, காலை ஆறு இருபது. நேற்று உடுத்திய வெள்ளைச் சட்டையைத் துவைக்கப் போடுமுன் எடுத்துப் பார்த்தேன். வலக்கை மடிப்பில் தேங்காய் எண்ணெயும் முகப்பூச்சும் கலந்த வாசனை. நேற்று நாடகம் முடிந்தபின் எட்டு முகங்களின் பூச்சைத் துடைத்துவிட்டேன். எந்த முகம் சட்டையில் ஒட்டியது என்று சொல்ல இயலாது. எழுபத்து மூன்று வயதில் என் சட்டையில் இப்படியொரு வாசனை வரக் காரணம் நீ. ஆகவே, நீ போய் இருநூற்று இருபதாம் நாளான இன்று உனக்கே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மே மாதம், மண்டி மொஹல்லாவில் சாக்குக் கடைக்கு மேலே இருக்கும் நம் தமிழ்ச் சங்கக் கூடத்தில் இளைஞர் நாடகக் குழு தொடங்கப் போவதாகச் சொன்னாய். ஹெப்பாள் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே உரத்துப்போன குரல் உனக்கு. நானோ ஆவணப் பிரிவில் வாய் திறவாமல் பணியாற்றி ஓய்வு பெற்றவன்.

"நீ சும்மாதானே இருக்கே? பக்கத்துல நின்னு வசனம் எடுத்துக் குடு," என்றாய்.

"நான் சும்மா இருப்பதில்லை."

"சரி, ரொம்ப வேலையா இருக்கே. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு இங்க வந்து வேலையா இரு."

ஜூன் முதல் ஞாயிறு பதினொருவர் வந்தனர். நிலைத்தவர்கள் எட்டுப் பேர். அவர்களுள் இருவரைப் பற்றியே இங்கு எழுதப் போகிறேன். ரோஸ்லின், கல்லூரி இரண்டாமாண்டு மாணவி. அவள் தாயார் மருத்துவமனையில் செவிலியர். மாதேஷ், ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஹெப்பாளில் தொழில் பழகுகிறவன். கன்னடப் பள்ளியில் படித்த எண்மரும் தமிழ் வசனத்தைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தார்கள். நான் ஆட்சேபித்தேன். "எழுத்து கன்னடம், சத்தம் தமிழ். ஸாக்கு சார், இது போதும்," என்றாள் ரோஸ்லின். நீ என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். தமிழ்ப் பிரதி என்னிடம் மட்டுமே இருந்தது.

அன்றைக்கே நீ ஒரு விதியும் வைத்தாய். "மே மாசம் கடைசி ஞாயிறு எல்லாரும் மேடையில உக்காரணும். பெரியவங்க கீழே. இந்த வருஷம் நாம பண்ணின ஒரு தப்பை ஒவ்வொருத்தரும் சொல்லணும். நன்றி, பாராட்டு, மாலை, ஒண்ணும் கிடையாது."

"ஒண்ணே ஒண்ணுதானுங்களா மாஸ்டர்? எனக்குப் பத்தாதுங்க," என்றான் மாதேஷ்.

நவம்பர் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் முதல் நாடகம். ஆறரைக்கு என்று அறிவித்து ஆறு நாற்பத்தொன்றுக்குத் தொடங்கினோம். அதற்கு நீயே பொறுப்பு. கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்த மகளாக ரோஸ்லின். தாய் கேட்கிறாள், "எப்போ திரும்பிப் போறே?" மகள் சொல்ல வேண்டியது, "இனிமே போக மாட்டேம்மா." அவள் சொல்லவில்லை. ஓரத்தில் நின்ற நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதாம் வினாடியில் வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் வரிசை வரை கேட்டுவிட்டது. யாரோ சிரித்தார்கள். அவள் வசனத்தைச் சொன்னாள், நாடகம் முடிந்தது.

உள்ளே வந்ததும் மற்றவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "மறதி மகாராணி வர்றாங்க, வழி விடுங்க," என்று கேலி செய்தார்கள். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். வரிசையிலிருந்து எழுந்து அவள் தாயார் அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்தார். நீ அத்தனை பேருக்கும் மேலாகக் கத்தினாய்.

"யாருடா சொன்னது மறந்துட்டான்னு? அவ நிறுத்தினா! அந்த இடத்துல எந்தப் பொண்ணுக்கும் உடனே வார்த்தை வராது. அது நடிப்பு. நடுவுல புகுந்து கெடுத்தவன் இவன்!"

உன் விரல் என்னைச் சுட்டியது.

"ஒன்பது வினாடி," என்றேன். "என் கடிகாரத்தில் பார்த்தேன்."

"கடிகாரத்தை வீட்ல கழட்டி வச்சிட்டு வா. ஃபைலுக்கு நடுவுலயே இருந்தவனுக்கு நாடகம் எப்படிப் புரியும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். இம்முறை என்னைப் பார்த்து. ரோஸ்லின் முகத்திலிருந்து கையை எடுத்தாள். அவள் தாயார் உள்ளே வந்து மகளின் தோளில் கை வைத்து, "ரொம்ப நல்லா நிறுத்தினேம்மா," என்றார். நான் பிரதியை என் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

அதன்பின் நான் கூடத்துக்கு வரவில்லை. நீ மூன்று முறை தொலைபேசியில் அழைத்தாய். டிசம்பர் ஏழு, டிசம்பர் பதினான்கு, கிறிஸ்துமஸ் அன்று மாலை. மூன்று முறையும் உன் பெயர் திரையில் தெரிய, மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் முறை நீ அழைத்தால் எடுப்பது என்று தீர்மானித்திருந்தேன். ஜனவரி பதினாறு, பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை, உன் மருமகன் அழைத்தான். நெஞ்சுவலி, மருத்துவமனை போய்ச் சேரவில்லை. நாம் பேசாமல் அறுபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உன் அஸ்தியைக் காவேரியில் கரைத்தபோது நான் கடைசிப் படிக்கட்டில் நின்றேன். பிள்ளைகள் எண்மரும் முழங்கால் நீரில் நின்றார்கள்.

மே மாதம் சங்கச் செயலாளரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஜூன் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தை ஆங்கிலப் பேச்சு வகுப்புக்கு விடப் போகிறார்கள். மூத்தவர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் மட்டுமே நாடகக் குழு தொடரலாம். நான் ஏற்க இயலுமா என்று கேட்டிருந்தார். இயலாது என்று மறுதபாலில் எழுதினேன். நாடகத்தைக் கெடுத்தவன் என்று பெயர் வாங்கியவன் எந்த முகத்தோடு பொறுப்பேற்பது? ஆனால் பிரதி என்னிடம் இருந்தது. அது குழுவின் உடைமை. திருப்பித் தரத்தான் வேண்டும். மே முப்பத்தொன்று, கடைசி ஞாயிறு, அதற்காகவே போனேன்.

போனால், நீ சொன்னபடியே எட்டு நாற்காலிகளை மேடையில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நீ இல்லாத நான்கரை மாதமும் அவர்கள் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லையாம். கீழே செயலாளரும் ஒரு சில பெற்றோரும். பிரதியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப எண்ணியவன், முன்வரிசையில் இடம் காட்டப்பட்டதால் உட்கார்ந்தேன்.

"பஸ் வரலைன்னு மாஸ்டர்கிட்ட ஏழு தடவ சொல்லியிருக்கேனுங்க," என்று தொடங்கினான் மாதேஷ். "அதுல நாலு தடவ பஸ் வந்துச்சுங்க."

இன்னொரு பெண் எழுந்தாள். "வீட்ல டைலரிங் கிளாஸ்னு சொல்லிட்டு வந்தேன். ஒரு வருஷமாச்சு, ஒரு ஜாக்கெட்டாவது தச்சுக் காட்டுடின்னு அம்மா கேக்கறாங்க."

சிரிப்பு அடங்கியதும் ரோஸ்லின் எழுந்தாள். அவள் செயலாளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"என் தப்பு நவம்பர் ஒன்பது. அன்னிக்கு நான் நிறுத்தலை. மறந்துட்டேன். அம்மா டியூட்டி மாத்திக்கிட்டு வந்து ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்தாங்க. அவங்களைப் பார்த்ததும் மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்லை. சார் எடுத்துக் குடுக்கலைன்னா இன்னும் அங்கயே நின்னுட்டிருப்பேன்."

அவள் தொடர்ந்தாள்.

"மறுநாளே மாஸ்டருக்கு ஃபோன் பண்ணினேன். நிஜமாவே மறந்துட்டேன் மாஸ்டர்னேன். தெரியும்மான்னார். அப்புறம் ஏன் சாரைத் திட்டினீங்கன்னு கேட்டேன். 'அவன் கோபத்தை நான் தாங்கிக்குவேன். அன்னிக்கு உன் பயத்தை நீ தாங்கியிருக்க மாட்டே. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்'னார்." பிறகு என்னிடம் கேட்டாள். "பேசினாரா சார்?"

ஆறு மாதம் இருபத்திரண்டு நாள் நான் குற்றவாளியாக இருந்திருக்கிறேன். என் கணக்கு சரியாக இருந்தும். அது எனக்கு அந்தக் கணமே புலப்பட்டது. 'நான் அப்போதே சொன்னேன் அல்லவா' என்ற வாக்கியம் நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் கேள்விக்கு அது விடையல்ல.

"இல்லை," என்றேன். "நான் பேச விடவில்லை. அவன் மூன்று முறை அழைத்தான். நான் எடுக்கவில்லை."

"சார்," என்றான் மாதேஷ், மெதுவாக. "தப்பு சொல்றவங்க மேடைக்கு வரணுமுங்க."

ஐந்து படிகள். ஏறினேன். எண்மருக்கு நடுவில் நின்று தேதிகளோடு மறுபடி சொன்னேன். டிசம்பர் ஏழு. டிசம்பர் பதினான்கு. டிசம்பர் இருபத்தைந்து. மூன்றாவதைச் சொல்லும்போது குரல் ஒத்துழைக்கவில்லை. யாரும் எனக்கு வசனம் எடுத்துக் கொடுக்கவில்லை, பொறுத்திருந்தார்கள். சொல்லி முடித்து, செயலாளரிடம் அந்தப் படிவத்தைக் கேட்டேன்.

"நீங்கதானே சார் முடியாதுன்னு எழுதியிருந்தீங்க?"

"எழுதியது உண்மை. இப்போது முடியும் என்கிறேன். கொடுங்கள்."

படிவத்தில் தேதிக்கு இடமே விடவில்லை. ஓரத்தில் நானே எழுதிக் கையொப்பமிட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று எண்ணிவிடாதே. அன்று இரவே என் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெகுநாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னையே கேட்டேன்: சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? மறு ஞாயிறு நாலு மணிக்கு, எண்மர் முன்னிலையில், "மறந்துதான் போனாள், மாஸ்டரே ஒப்புக்கொண்டார்," என்று பதிவைத் திருத்தியிருப்பேன். ஐம்பத்தொரு ஆண்டுப் பழக்கத்தில் நீ அதை அறிந்திருந்தாய். என்னிடம் எதையும் ஒப்படைக்கலாம், ஒரு பொய்யைத் தவிர.

ஜூன் ஏழிலிருந்து நான்தான் கதவைத் திறக்கிறேன், மூன்று ஐம்பதுக்கு. நடிப்பு எனக்குத் தெரியாது என்று முதல் நாளே அறிவித்தேன். "தெரியும் சார்," என்றார்கள் ஒரே குரலில். ஆகவே நாடகத்தை அவர்களே அமைத்தார்கள். நான் நேரத்தையும் பிரதியையும் பார்த்துக்கொண்டேன். சங்கம் இருமுறை கூடத்தைத் திரும்பக் கேட்டது. இருமுறையும் என் கையொப்பத்தைக் காட்டினேன்.

நேற்று அந்த நாடகம். ஆறரைக்கு என்றோம், ஆறரைக்கே தொடங்கினோம். மாதேஷுக்குப் பெரிய வேடம்; வீட்டை விற்கத் துடிக்கும் தம்பிகளைத் தடுக்கும் அண்ணன். அவனுக்கு நாடகத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஞாயிறுதோறும் ஊருக்கு வந்து தோட்டத்து வேலை பார்க்காமல் இங்கே என்ன செய்கிறான் என்று அவன் தந்தைக்கு ஒரு வருடமாக மனத்தாங்கல். நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஹனூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். முன்வரிசை நடுவில், தோளில் துண்டோடு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் காட்சி நன்றாகப் போயிற்று. இரண்டாம் காட்சியில் மின்சாரம் போனது. சங்கத்தின் அவசர விளக்குகள் எரிந்தன, மின்விசிறிகள் நின்றன. அந்த அமைதியில் மாதேஷ் திரும்பித் தந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டான். "இந்த வீட்டை" என்றவன் அதற்குமேல் நகரவில்லை. அவன் கண்ணில் நடிப்பு இல்லை. நாலு வரை எண்ணிவிட்டு, "விக்க நான் சம்மதிக்க மாட்டேன்," என்று எடுத்துக் கொடுத்தேன். விசிறிச் சத்தம் இல்லாததால் முன்வரிசைக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் பிடித்துக்கொண்டான். கடைசிவரை விடவில்லை.

திரை விழுந்ததும் அவன் தந்தை பக்கவாட்டுக் கதவு வழியாக நேரே என்னிடம் வந்தார். மாதேஷ் என் பின்னால், முகப்பூச்சு கலையாமல் நின்றான்.

"ஏனுங்க, நடுவுல பையன் நின்னுபோட்டானுங்களே, மறந்துட்டானுங்களா? ஒரு வருசமா இதத்தான் படிச்சானுங்களா?"

ஆவணப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டு. ஒரு தேதியைக்கூட மாற்றி எழுதியதில்லை.

"இல்லைங்க," என்றேன். "அவன் சரியாகத்தான் நிறுத்தினான். தம்பிகளை எதிர்த்துப் பேசுகிற அண்ணனுக்கு அங்கே உடனே வார்த்தை வராது. நான்தான் அவசரப்பட்டு நடுவில் புகுந்துவிட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வயசானவரு நீங்க. கொஞ்சம் பொறுத்திருக்கலாமுங்க."

"ஆமாங்க. பொறுத்திருக்கலாம்."

"அடுத்த வாட்டி அவங்கம்மாளையும் கூட்டியாறனுங்க," என்றார், மகனைப் பார்த்துத் துண்டை உதறிப் போட்டபடி. "அப்பவாச்சும் நீங்க பேசாம நில்லுங்க."

என் பின்னால் மாதேஷ் விட்ட மூச்சு கழுத்தில் பட்டது. நான் திரும்பவில்லை. அவன் என்னிடம் உண்மையைச் சொல்ல விரும்பினால் அதற்கு மே மாதக் கடைசி ஞாயிறு இருக்கிறது. அதுவரை இந்தப் பழி என்னுடையது. அடுத்த நாடகத்தில் எவர் நின்றாலும் அப்பழியையும் நானே ஏற்பேன். இது பொய் என்று எனக்குத் தெரியும். தேதியும் நேரமும் தெரியும். இருந்தும் திருத்த மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அழைப்பை மூன்று முறை எடுக்காதவன்