காய்ச்சலே வராதவள்

அன்புள்ள என்னவருக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது தெருவில் யார் போனாலும் அடையாளம் கண்டு கூப்பிட்டுப் பேசுகிறார். நம் மகள் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டாள். வாய்க்கு மட்டும் நூற்றுக்கு நூறு போடலாம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள்தானே?

உங்கள் கவிதை வந்த பத்திரிகை கிடைத்தது. கம்பெனியில் டீ நேரத்தில், என்னோடு வேலை செய்கிற ரேடியோ அதை எல்லோருக்கும் வாசித்தாள். வாய் ஓயாததால் அவளுக்கு அந்தப் பெயர். மிஷினில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து வந்து கேட்டார்கள். முடிந்ததும், "கொடுத்து வச்சவடி நீ, எங்க வீட்டுக்காரர் எனக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதினதில்ல" என்று என் தோளில் இடித்தாள். நான் சிரித்து வைத்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

யாருங்க அந்தக் கவிதையில் இருக்கிறவள்?

இடுப்புவரை பின்னலாம். என் முடி தோளைத் தாண்டி எத்தனை வருஷம் ஆகிறது? அவள் அடுப்படியை விட்டு நகரமாட்டாளாம். எல்லோரும் சாப்பிட்டு மிச்சம் இருந்தால் சாப்பிடுவாளாம். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாளாம். காய்ச்சல்கூட அவளைக் கண்டால் ஒதுங்கிப் போகுமாம். அங்கே எவளோ ஒருத்தி உங்களுக்கு அகப்பட்டுவிட்டாள் என்றே முதலில் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, உங்கள் பழைய கடிதங்களை எல்லாம் கொட்டித் துப்புத் தேடினேன். பிறகுதான் உறைத்தது, அது நான்தானாம். தெரிந்த பிறகு பொறாமை இன்னும் கூடிப்போனது. நிஜமான சக்களத்தி என்றால் முடியைப் பிடித்துச் சண்டை போடலாம். காகிதத்தில் இருப்பவளை என்ன செய்ய?

தைத்து வந்த சட்டையைத் திருப்பிப் போட்டு, விட்டுப்போன தையலைக் கண்டுபிடிப்பது என் வேலை. உங்கள் கவிதையையும் அப்படித்தான் திருப்பிப் பார்த்தேன். காலையில் அவள் டீயோடு வந்து உங்களை எழுப்புகிறாள். அந்த டீ நீங்கள் போட்டதுங்க. கல்யாணமான மறுநாளிலிருந்து நீங்கள் கிளம்பிப் போன அன்றுவரை எனக்குப் போட்டுக் கொடுத்தது. எனக்கு டைஃபாய்டு வந்து முடி கொட்டியபோது கஞ்சியை அடிப்பிடிக்க விட்டீர்கள். பாத்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்து, வாசனையில் மாட்டிக்கொண்டீர்கள். அந்தக் காய்ச்சலிலும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதை எழுத வெட்கமா? என் டீயை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டீர்களே. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதம் வந்துவிடுவதாகவும், வந்ததும் நான் வேலையை விட்டு நிம்மதியாக வீட்டில் இருக்கலாம் என்றும் பத்திரிகையோடு வந்த கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுங்கள். என்னை இந்த மாதம் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். எனக்குக் கீழே பதினெட்டுப் பேர். உங்களுக்குச் சொல்லக் கடிதத்தைப் பாதி எழுதி வைத்திருந்தேன். மறுநாள் கவிதை வந்தது, மீதியை எழுதக் கை வரவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். வேலையை விடமாட்டேன்.

வருவதாக நீங்கள் குறித்திருக்கும் நாள் எனக்கு வேலை நாள். வாசலில் நின்று வழி பார்க்க முடியாது. மாமா கதவைத் திறப்பார். நான் ஆறரைக்கு வருவேன். கால் வலியும் பசியுமாகத்தான் வருவேன், பேசவும் நிறைய இருக்கும். டீத்தூள் டப்பா பழைய இடத்தில்தான் இருக்கிறது. எனக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று மறந்திருக்க மாட்டீர்கள்.

வழியில் பத்திரம். அவளைத் தேடிக்கொண்டு வராதீர்கள். என்னிடம் வந்து சேருங்கள்.

உங்கள்,
காய்ச்சல் வருகிற மனைவி