கதவுப் பக்கத்துப் பள்ளம்

என்னங்க, வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் இருமல் நின்றதா?

இங்கே பழைய மெத்தைகள் மலைபோல் வந்து குவிகின்றன. உறையைக் கிழித்து, பஞ்சையும் ஸ்பிரிங்கையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான் என் வேலை. பஞ்சு தலையணைக்குப் போகும், கம்பியை உருக்கிவிடுவார்கள். மெத்தையில் விழுந்த பள்ளத்தைப் பார்த்தே யார் எந்தப் பக்கம் படுத்தார்கள் என்று இப்போது சொல்லிவிடுவேன்.

நேற்று வந்த மெத்தையில் ஒரு பெரிய பள்ளம், அதை ஒட்டியே ஒரு குட்டிப் பள்ளம். கத்தியும் கையுமாக நின்றுவிட்டேன். "என்னம்மா, மெத்தைக்கு வலிக்கும்னு பாக்குறியா?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கிழித்தேன்.

நம் வாலு இப்போதெல்லாம் அழாமல் உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். "அத்தை கதைதான் சூப்பர், அம்மா கதையில யானை தூங்கிடும்" என்றாளாமே! இவள் தூங்கட்டும் என்றுதானே அந்த யானையைத் தூங்க வைத்தேன்?

ஒன்று மட்டும் செய்யுங்கள். கட்டிலில் கதவுப் பக்கம், நான் படுக்கும் இடத்தில், உங்கள் தங்கையைப் படுக்க விடாதீர்கள். அங்கே ஸ்பிரிங் கிளம்பியிருக்கிறது, முதுகைப் பதம் பார்த்துவிடும். கீழே தனியாக விரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மெத்தையை மாற்றிவிடாதீர்கள், வீண் செலவு.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். வாலுவுக்கு என் முத்தங்கள்.

நான் வந்து படுத்தால் அந்த ஸ்பிரிங் குத்தாது.