மாங்காய்க்குக் காத்திருந்த கத்தி

என் அருமை மாமே கன்னியப்பா,

நலமா என்று கேட்டுக் கடிதம் தொடங்கிப் பழகிய கை இது. உன்னிடம் அதைக் கேட்க முடியாதது இன்னும் சங்கடமாகத்தான் இருக்கிறது. நீ போய் ஆறு மாதம் ஆகிறது. பட்டாபிராமில் உன் தெருவில் இன்னொரு அடுக்குமாடி எழும்பிவிட்டது. நீ உட்காரும் டீக்கடையில் இப்போது கண்ணாடி கிளாஸ் கிடையாது, பேப்பர் கப்தான். நீ இருந்திருந்தால் கடைக்காரரை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

நம் பழைய மடக்குக் கத்தி வியாபாரம் சுமாராக ஓடுகிறது. ஆவடி, நெமிலிச்சேரி என்று காயலான் கடைகளுக்கு இப்போது தனியாகப் போகிறேன். இரும்புக் குவியலைக் கிளறும்போது பின்னால் யாராவது செருமினால் நீதான் என்று திரும்பிவிடுகிறேன். எப்போது இந்தப் பழக்கம் விடும், தெரியவில்லை.

கையால் அடித்த அலகு, மாட்டுக்கொம்புப் பிடி, பித்தளை ஆணி. இவை இல்லாத கத்தியை நீ தொடக்கூட மாட்டாய். காதருகே வைத்து விரிப்பாய். உள்ளே இருக்கும் வில் நன்றாக இருந்தால் 'டக்' என்று கேட்கும். "பேசுது மாமே" என்பாய். வில் தளர்ந்துபோன கத்திக்கு நீ வைத்த பெயர் ஊமை. ஊமைகளையெல்லாம் என் தலையில் கட்டுவாய். அண்ணனூர் ரயில்வே கார் ஷெட்டில் முப்பது வருஷம் பிட்டராக இருந்தவனுக்கு ஒரு வில்லைச் சரிசெய்வது பெரிய விஷயமா என்ன?

அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது. நெமிலிச்சேரியில் நீ கண்டெடுத்த ஊமை ஒன்று, பிடியில் யாரோ 'ம' என்று கீறியிருந்த கத்தி, நினைவிருக்கிறதா? ஆடி மாதம் அதைப் பேச வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். உன்னை அசத்த வேண்டும் என்று அலகையும் உப்புத்தாளால் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிக்கொண்டு வந்தேன்.

"இன்னா மாமே பண்ணி வெச்சிக்கீறே?" என்றாய். உன் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "எத்தினி பேரு கை பட்டு, எத்தினி காய் அறுத்து கறுத்துகினு வந்த அலகு. ஒரே மத்தியானத்துல வழிச்சிப் போட்டுட்டியே. துருவுக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாத நீயெல்லாம் இன்னா பிட்டரு?"

திட்டியதுகூடப் பரவாயில்லை. கத்தியைக் கையோடு கை கொடுத்தால் சண்டை வரும் என்று, வாங்க வருகிறவர் கை நீட்டினாலும் மேசைமேல் வைத்து "எட்த்துக்கோங்க" என்று சொல்கிற ஆள் நீ. அன்று என் கையைப் பிடித்து, உள்ளங்கையிலேயே அதை வைத்து மூடினாய். "இந்தா, நீயே வெச்சிக்கோ." நானும் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்கு மாதம் நாம் பேசவில்லை. நீ முதலில் வரட்டும் என்று நான் வீம்பாக இருந்தேன். கார்த்திகையில் ஒரு காலை, நெஞ்சுவலியில் நீ போய்விட்டதாக உன் சம்சாரம் அலமேலு போன் செய்தது. கோபத்தோடேயே போய்விட்டாயா மாமே? இத்தனை நாளும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் இதே கேள்விதான்.

போன மாதம், புது பிளாட்டில் இருக்கும் மதுரைக்காரர் ஒருவர் போனில் போட்டோ பார்த்துவிட்டு வந்தார். மேசையில் பரப்பியதில் அவர் எடுத்தது எதை என்கிறாய்? அதையேதான். "இதுதான் சார் பளபளன்னு புதுசாட்டம் இருக்கு. எனக்கே குடுத்துருங்க" என்றார். கண்ணில் படாமல் ஒழியட்டும் என்று, பணத்தோடு ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை அலமேலு கூப்பிட்டது. "அண்ணா, அவரு டப்பாவ எட்த்துகினு போய் வித்துடுங்கண்ணா. பேரப் புள்ளைங்க அதையே நோண்டுதுங்க." உன் பிஸ்கட் டப்பாதான். ஒவ்வொரு கத்தியும் துணியில் சுற்றி, உன் கோழிக்கிறுக்கலில் ஒரு சீட்டோடு இருந்தது. ஒரு துணி மட்டும் வெறுமனே மடித்து வைத்திருந்தாய். பிரித்தேன். அதற்குள்ளும் ஒரு சீட்டு: "ம கத்தி. மாமே கிட்ட கீது. மாங்கா வரட்டும், அறுக்க அறுக்க கறுத்துடும்."

அலமேலு முன்னாலேயே அழுதுவிட்டேன். அது ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. கத்திக்கு இடம்கூட ஒதுக்கி வைத்தவன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் ஒரு நடை வந்திருக்கக் கூடாதா?

மதுரைக்காரருக்கு வேறு கத்தி கொடுத்தேன். கொஞ்சம் முகம் வாடித்தான் போனார். அன்றிலிருந்து தினமும் அந்தக் கத்தியால் மாங்காய் அறுக்கிறேன். "ஊறுகா போட ஜாடி இல்ல, இன்னும் எத்தினிதான் அறுப்பே?" என்று வீட்டில் ஒரே பாட்டு. அலகு முதலில் பழுப்பாகி, அப்புறம் லேசாக நீலம் ஓடியது. இப்போது சாம்பல் நிறம் பிடித்திருக்கிறது. அவசரப்பட மாட்டேன். ஒருமுறை அவசரப்பட்டது போதும்.

முழுசாகக் கறுத்ததும் உன் வீட்டுக்குக் கொண்டுவருவேன் மாமே. இதை விற்க மாட்டேன், யார் கையிலும் கொடுக்கவும் மாட்டேன். உன் படத்துக்கு முன்னால் துணியை விரித்துக் கீழே வைப்பேன். நீயே எடுத்துக்கொள்.

தேய்த்துக் கெடுத்த பாவி,
உன் மாமே
தணிகாசலம்