தையல் கடைக்குள் வந்த தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கினால் அடுத்த வரியை நீ நம்பமாட்டாய். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குக் கோபம், எனக்குத் தூக்கம் போதவில்லை. மற்றபடி நலம். போனில் சொல்லலாம்தான். ஆனால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பாவின் காதில் விழுந்துவிடுகிறது.

நீயும் மாமாவும் அங்கே எனக்காகப் பேசிவைத்திருக்கும் வேலைக்குச் சான்றிதழ்களை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள் என்பது தெரியும். மறக்கவில்லை. இங்கே நடந்ததைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். பொறுமையாகப் படி. நம் வீட்டில் அது உனக்கு மட்டும்தான் உண்டு.

நகராட்சி பழைய தண்ணீர்க் குழாய்களை மாற்றக் கடன் வாங்கப் போகிறது என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதுதான் இப்போது ஊரையே இரண்டாக்கியிருக்கிறது. முப்பது வருடக் கடன். வீட்டுக்கு வீடு தண்ணீர்க் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஊர்க்கூட்டத்தில் பாதிக்கு மேல் கை தூக்கினால்தான் வங்கி பணம் தரும். குழாய் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று மக்களுக்கு விளக்குவது நகராட்சிப் பொறியாளன் என்ற முறையில் என் தலையில் விழுந்தது. தோண்டி எடுத்த ஒரு துண்டை மேசைமேல் வைத்தேன். உள்ளே துரு ஏறி ஏறி, கட்டைவிரல் நுழையும் அளவுதான் வழி மிச்சம். பேக்கரிக்காரர் அதைத் தூக்கிக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா இதுக்குள்ளயே தண்ணி வந்திருக்குன்னா நல்ல குழாய்தானே தம்பி" என்றார். கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

ஆமாம், எதிர்க்கட்சித் தலைவர் நம் அப்பாதான். தலைமையகம் அவருடைய தையல் கடை. பட்டன் கட்டிக்கொண்டே வாதம் செய்கிறார். "பிள்ளைங்க எல்லாம் வெளியூர் போயாச்சு. மிச்சம் இருக்கறது நம்மள மாதிரி மூட்டு தேஞ்ச கேஸுங்க. முப்பது வருஷத்துக்கு யாருப்பா கட்டறது?" என்று கேட்கிறார். விவரம் தெரியாத பேச்சு என்று தள்ளிவிடத்தான் பார்த்தேன். முடியவில்லை. "குழாய்க்கு உங்க வயசெல்லாம் தெரியாதுப்பா" என்று சொல்லிவைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே எல்லா வீட்டிலும் தெருக்குழாயிலிருந்து நேராகத் தண்ணீரை உறிஞ்சும் மோட்டார் இருக்கிறது. வைக்கக் கூடாது. நாங்கள் சோதனைக்குப் போனால் பேக்கரியில் அது மைதா மூட்டைக்குப் பின்னால் இருக்கும். நம் வீட்டில் பழைய போர்வைக்கு அடியில். எனக்குத் தெரியாது என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். தினமும் நான் விழிப்பதே அதன் சத்தத்தில்தான்.

போன வாரம் வங்கியிலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். தெருக்குழாயில் அழுத்தத்தை அளப்பார் என்ற செய்தி எப்படியோ தையல் கடைக்குப் போய்விட்டது. உடனே ஒரு திட்டம். அன்று காலை யாரும் மோட்டார் போடக்கூடாது, ஒரு சொட்டுக்கூடத் திறக்கக்கூடாது. அழுத்தம் அளக்கும் கருவியில் முள் ஜோராக ஏறும், குழாய்க்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொண்டு அந்த ஆள் போய்விடுவார். குப்பையை ஒரே இடத்தில் கொட்டச் சொல்லி எத்தனையோ வருடமாகக் கேட்டும் கேட்காத ஜனங்கள், இதற்கு ஒரு வீடு விடாமல் ஒத்துழைத்தார்கள்.

முள் ஏறியது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்காத அளவுக்கு ஏறியது. அதிகாரி பரவாயில்லையே என்பதுபோல என்னைப் பார்த்தார். இத்தனை வீடும் உறிஞ்சி உறிஞ்சி, அந்தக் குழாய் முழு அழுத்தத்தைத் தாங்கிப் பல வருடமாகிறது. மேல்நிலைத் தொட்டியடியில் வால்வை மூடச் சொல்லப் போனை எடுத்தேன். பேசி முடிப்பதற்குள் ரோடு மெல்ல உப்பி வெடித்தது. எங்கே தெரியுமா, அப்பா கடை வாசலில்.

கடை ரோட்டைவிடப் பள்ளம் என்பது உனக்கு நினைவிருக்கும். போய்ப் பார்த்தபோது முழங்கால் அளவு செம்பழுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு துணிக்கட்டுகளை மிஷின்மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பள்ளி திறக்கப் போகிறது, எல்லாம் சீருடைக்கு வெட்டிவைத்த வெள்ளைத் துணி. நானும் இறங்கித் தூக்கினேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "வால்வ மூடியாச்சா?" என்று மட்டும் கேட்டார். மூடியாச்சு என்றேன்.

வெட்டுமேசைக்கு அடியில் ஒரு பயணப்பை மிதந்துகொண்டிருந்தது. புதிது, பாதி தைத்தது. கெட்டிக் கித்தான் துணி, இரட்டைத் தையல். உள்ளே சான்றிதழ் வைப்பதற்கென்றே அளவெடுத்தாற்போல ஓர் உறை. தோளில் மாட்டும் வாரில் என் பெயரின் முதலெழுத்து. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். என் கையிலிருந்து வாங்கி மிஷின்மேல் வைத்துவிட்டு அடுத்த கட்டைத் தூக்கப் போய்விட்டார்.

அந்த வேலையைப் பற்றி நான் அவரிடம் வாயே திறக்கவில்லை. நீதான் சொல்லியிருக்கிறாய். சரி விடு, அதற்காக இப்போது சண்டை போடத் தெம்பில்லை.

அம்மா துணிகளை அலசி அலசிப் பார்த்தாள். துருக்கறை போகிற வழியாக இல்லை. அப்பா புதுத் துணி எடுத்து எல்லாவற்றையும் மறுபடி வெட்டுகிறார். நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று அலுவலகத்தில் முதுகில் தட்டுகிறார்கள். எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

நேற்று ஓட்டெடுப்புக் கூட்டம். உடைப்பைப் பார்த்தபிறகு பாதிப் பேர் இளகியிருந்தார்கள். நான் பேசி முடித்ததும் பேக்கரிக்காரர் எழுந்தார். "இன்ஜினியர் தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். குழாயப் போட்டுருவீங்க. நாளைக்கு அது மக்கர் பண்ணா நீங்க இங்க இருப்பீங்களா, இல்ல அக்கா வீட்டு சோபாவுல உக்காந்து போன்ல சொல்வீங்களா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மைக் என் கையில் இருந்தது. எதையும் பட்டென்று சொல்லிவிடுகிறவன் என்று என்னைத் திட்டுவாயே, நேற்று மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

அப்பா எழுந்தார். எப்போதும்போல காலரில் ஊசி குத்தியிருந்தது. "அவன் போயிருவான்பா. போகட்டும், நான்தான் போகச் சொல்றேன். அவன் இருப்பான்னு நம்பி யாரும் கை தூக்க வேணாம், போயிருவான்னு பயந்து உக்காரவும் வேணாம். தண்ணி வேணுமா வேணாமான்னு பாருங்க. எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். சிறிது நேரம் அந்த ஒரு கைதான் இருந்தது. பிறகு பேக்கரிக்காரர் தூக்கினார். கொஞ்ச வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "கடன் கடன்தான். என் பேச்ச நான் மாத்தல, தெரிஞ்சுக்கோ" என்றார். தெரிகிறது என்றேன். கறையோடு அந்தப் பை கொடியில் காய்கிறது. காய்ந்ததும் மீதியைத் தைப்பார்.

இனி உன் கேள்விக்குப் பதில். சான்றிதழ்களை நான் அனுப்பப் போவதில்லை. மாமாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். அலைந்து திரிந்து பேசியிருப்பார். முப்பது வருடம் இங்கேயே கிடப்பேன் என்று சத்தியம் செய்கிற ஆள் நான் இல்லை. முதலில் நம் தெருவைத்தான் தோண்டப் போகிறார்கள், தோண்டும்போது நான் குழிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தோன்றுகிறது. அவ்வளவுதான். இதைப் பெரிதுபடுத்தாதே.

எனக்கு ஓர் உதவி செய். அப்பாவைக் கூப்பிட்டு, அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். இந்தக் கலை சின்ன வயதிலிருந்தே உனக்குத்தான் வரும். வருத்தப்படுவார். படட்டும், தனக்காக நின்றுவிட்டேன் என்று நினைப்பதற்கு அது எவ்வளவோ மேல். பையை மட்டும் தைத்து முடிக்கச் சொல். உன்னைப் பார்க்க வரும்போது தூக்கிக்கொண்டு வருகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடு. கடையில் தனியாக இருப்பார். நீ சொன்னதை நம்பினால் மிஷினை நிறுத்திவிட்டுப் பேசுவார். மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் நம்பவில்லை என்று அர்த்தம். அப்படியானால், அக்கா, வைத்துவிடாதே. இன்னொரு தடவை சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி