ஏழில் வந்த ஆறு ஒன்பது

ஆடி பத்து, இரவு.

எழுத்து கோணலாக ஓடுகிறது. வயதான பிறகு எழுதப் பழகும் கை. இந்தத் தாள் பொறுத்துக்கொள்ளட்டும்.

சாமைக்குக் களையெடுக்க ஆளில்லை என்று சம்பந்தி என் மகள் பொன்னியை ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு அனுப்ப மறுக்கிறார். அவரும் நானும் செம்மேட்டு இராப்பள்ளியில் ஒன்றாகப் படிக்கிறோம். இன்று அங்கே கணக்குப் பாடத்தில் வந்த 142857-ஐ இரண்டால் பெருக்கினேன். 285714 வந்தது. அதே இலக்கங்கள், இடம் மட்டும் மாறியிருந்தன! மூன்றாலும் அப்படியே. பூரிப்பில் வாய் நிற்கவில்லை.

"எதால பெருக்குனாலும் இதே இலக்கந்தானுங்க வரும். வந்தாப் பொன்னிய அனுப்போணுமுங்க" என்று பந்தயம் கட்டிவிட்டேன்.

ஆறு வரை வந்தது. ஏழில் 999999.

"என்னங்க சம்பந்தி, அத்தனையும் ஒரே மூஞ்சியா நிக்குது?" என்று அவர் சிரித்தார். "சரி, ஏன் இப்படி ஆச்சுன்னு நாளைக்குச் சொல்லுங்க, அனுப்பறேன். இல்லீன்னா பொன்னிக்குக் களைதானுங்க."

வீட்டுக்கு வந்ததும் தாளோடு உட்கார்ந்தேன். பலாச்சுளையைப் பங்கு வைப்பதுபோல் எண்களையும் பங்கு வைத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. பத்து லட்சத்தை ஏழு பங்கு போட்டால் பங்குக்கு 142857, மிச்சம் ஒன்று. ஏழு பங்கையும் திரும்பச் சேர்த்தால் பத்து லட்சத்துக்கு அந்த ஒன்று குறைகிறது. அதனால்தான் எல்லாம் ஒன்பது!

சம்பந்தி சொன்ன சொல் மாறக் கூடாது. அடுத்த வாரம் நான் எழுதும்போது பொன்னி பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.