பன்னிரண்டு வினாடி முந்தும் கைக்கடிகாரம்

அன்புள்ள மகனுக்கு,

இங்கு நலம். உன் நலத்தை நீ அனுப்பும் படங்களில் பார்த்துக்கொள்வதால் தனியாக விசாரிக்கவில்லை. அம்மாவுக்குச் செவ்வாயன்று தையல் பிரித்தார்கள், சுவரைப் பிடிக்காமல் சமையலறைவரை நடக்கிறாள், குனியக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மாடிக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது.

உன் கைக்கடிகாரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அறுவை சிகிச்சை அன்று காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னவன் பகல் ஒரு மணிக்கு வந்து, "வாட்ச் நாப்பது நிமிஷம் லேட்டுப்பா, அதான் ரயிலை விட்டுட்டேன், சர்வீஸுக்குக் குடுத்துடுங்க" என்று அதைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு மறுநாளே விமானம் ஏறினாய். கைப்பேசியும் கையுமாகவே திரிகிற ஒருவன் சாவி கொடுக்கும் கடிகாரத்தை நம்பி ஏமாந்தான் என்பதை அப்போது நானும் நம்பினேன். அறுவை அறைக்குள் கொண்டுபோகும்போது, "எம் பையன் வந்துட்டானா, ஒரு பத்து நிமிஷம் பொறுங்களேன்" என்று செவிலியிடம் உன் அம்மா கெஞ்சியதை நீ கேட்கவில்லை, நான் கேட்டேன்.

அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்று கொடுப்பது என் உத்தியோகம் என்பது உனக்குத் தெரியும். சோதிக்காமல் எதையும் பழுது என்று எழுத மாட்டேன். பத்து நாள், தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, முகம் மேலாக, முகம் கீழாக, பக்கவாட்டில் என்று வைத்துப் பார்த்தேன். எந்த நிலையிலும் தடுமாறவில்லை, சாவி தீரும் முன் ஒரு நாளும் நிற்கவில்லை. நாளொன்றுக்குப் பன்னிரண்டு வினாடி முந்துகிறது. முந்துகிறது என்பதைக் கவனி. அதை நம்பியிருந்தால் நீ ரயிலுக்கு முன்பே போய் நின்றிருப்பாய். அதன் பிறகும் கடைவீதி வாட்ச்காரரிடம் கொண்டுபோனேன். துடிப்பை அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தவர், "இதுக்கு ஒண்ணும் வேணாம் சார், கட்டியிருந்தவரைக் கூட்டிட்டு வாங்க, அவருக்கு வேணா சர்வீஸ் பண்ணித் தர்றேன்" என்று சிரித்தார். யார் கட்டியிருந்தது என்று அவர் அறியார். நான் சிரிக்கவில்லை. இனி நீ சாக்குச் சொல்வதானால், சோதித்துப் பார்க்க முடியாத பொருளாகத் தேர்ந்தெடுத்துச் சொல்.

வீட்டுக்கு வந்து நான் வாயைத் திறக்கும் முன்பே உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "நல்லாத்தான் ஓடுதா?" என்றாள். கடிகாரத்தை அவள் பக்கத்தில் வைத்தேன். "இருக்கட்டுங்க. ரிப்பேர்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவன் நேரத்துக்கு வராததுக்கு அதுவாவது காரணமா இருக்கட்டும்" என்றாள். முப்பது வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் பொய்ச் சான்று கேட்டு வந்திருக்கிறார்கள், ஒருவனுக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. அவளுக்குக் கொடுத்தேன். சாவி கொடுத்தால் இறுகும் மெயின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அதனால்தான் பின்தங்கியது என்றேன். அவள் தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த நாற்பது நிமிடமும் அதற்குப் பின் வந்த மணிகளும் நீ எங்கே இருந்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. உன் பொய்யை நீ சொன்னாய், அது உன்னோடு. என்னையும் ஒன்று சொல்ல வைத்தாய், அதை நான் மறக்க மாட்டேன். கடிகாரம் உனக்குத் திரும்பி வராது. பழுதில்லாத ஒன்றைத் திறந்து கிளற எனக்கு உரிமையில்லை, அதை உன் கையில் கட்ட உனக்கும் இல்லை.

அம்மா தன் ஆசிகளை எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு அவளைக் கூப்பிடு. நான் சொன்னது மெயின் ஸ்பிரிங். தப்பித் தவறி வேறு எதையாவது சொல்லி வைக்காதே.

இப்படிக்கு,
அப்பா