ஜன்னலைத் திறக்க வருகிறவளுக்கு

என் பாக்கியம் அக்காவுக்கு,

எண்பதுகள் பிறந்துவிட்டன. கேமரன் மலையில் குளிர் மட்டும் மாறவில்லை. பிள்ளைகளுக்குக் குளிருமே என்று நீ தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகைக்குள் கரி அடுப்பை வைத்து, கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாயே, அந்த மழைநாளை நான் இன்னும் தாண்டவில்லை. தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்தவர்கள் கதவைத் திறந்தபோது உன் மடியில் ஒரு கைக்குழந்தை. மற்றப் பிள்ளைகள் வெளிக்காற்றில் கண் விழித்தன; நீங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"முனி அடிச்சிருச்சு" என்றார்கள். கொஞ்ச நாளில் உன்னையே பேயாக்கிவிட்டார்கள்.

உனக்குத் தெரியாத ஒரு சேதி. நான் இப்போது குழந்தை நல வேலையில் இருக்கிறேன். டாக்டர்கள் ஆராய்ந்து எழுதியதை எளிய தமிழில் ஆயாக்களுக்கும் நல அதிகாரிகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். எந்தப் பேச்சை எடுத்தாலும் கரி அடுப்பில்தான் வந்து நிற்பேன். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது.

போன மாதம் தானா ராத்தா டவுனில் பல தோட்டத்து ஆயாக்களுக்கும் கூட்டம். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் நச்சுக்காற்றுக்கு நிறமில்லை, வாசமில்லை, தூக்கம் வருவது போலத்தான் இருக்கும் என்றேன். அடுப்பை வெளியே வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நம் தோட்டத்தில் உன் வேலையை இப்போது பார்க்கும் சரசு மட்டும் எழுந்தாள்.

"எல்லாம் சரிதாங்க டீச்சர். ஆனா ஜன்னலத் திறக்க முடியாதுலா. பாக்கியம் உள்ள வந்துரும். பிள்ளையத் தூக்கிட்டுப் போயிரும்."

"அடுப்பு?"

"உள்ளதாங்க. நெருப்பு இருந்தா அது கிட்ட வராது."

உன்னைக் கொன்றது எதுவோ, அதையே உனக்குப் பயந்து செய்துகொண்டிருக்கிறார்கள். பேயாவது பிசாசாவது என்று சொல்ல வாயெடுத்தேன். சரசுவின் முகத்தில் அவ்வளவு பயம். மறுநாளும் அந்த அறையில் பிள்ளைகள் தூங்குமே, வாதாட எனக்கு எங்கே நேரம்?

"அது எங்க அக்காதான்," என்றேன். "பிள்ளையத் தூக்க வரல. அடுப்ப வெளிய எடுத்து வைக்கத்தான் வருது. ஜன்னல் சாத்தியிருந்தா அதுக்குக் கோவம் வரும்."

அதிகாரி ஒருவர் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

நேற்று நம் தோட்டத்துக்குப் போனேன். அடுப்பு வெளியே தாழ்வாரத்தில் இருந்தது. திறந்த ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. கம்பளிக்குள் பிள்ளைகள் தூங்கின. ஒரு சின்னப் பெண் மட்டும் விழித்து, "பாக்கியம் வருமா?" என்று கேட்டாள்.

"வரட்டும்லா. நம்மளப் பாக்கத்தானே வருது," என்று சரசு தட்டிக் கொடுத்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே யாருமில்லை. யாராவது இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

உன்மேல் விழுந்த பேய்ப் பட்டத்தை நீக்கத்தான் இந்த வேலைக்கே வந்தேன். இப்போது நானே உன்னைத் தோட்டம் தோட்டமாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கோபமா, அக்கா? நீயாக இருந்தால் வேறென்ன செய்திருப்பாய்?

இன்னும் கொஞ்ச காலம் வந்து போ. உனக்காக இல்லாமல், கரிக்குப் பயந்தே அவர்கள் ஜன்னலைத் திறக்கும் நாள் வரும். அன்று, பாக்கியம் பேயில்லை, பிள்ளைகளுக்குக் குளிருமே என்று தவித்த ஒரு மனுஷி என்று எல்லோரிடமும் சொல்லி, உன்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

உன் முதுகிலேயே வளர்ந்த தங்கை,
லெட்சுமி